மூன்றாம் அளவு

எனக்குக் கைதட்டினார்கள். சுகாதார அலுவலகத்தின் கூட்ட அறையில் முப்பது பேர் இருந்தார்கள். திரையில் ஏழாம் பகுதி மட்டும் பச்சையாகத் தெரிந்தது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் அளந்த ஆய்வில் ஒரு படிவம்கூட விடுபடாமல் வந்தது அந்தப் பகுதியில்தான் என்று சொல்லி, அங்கே அளந்த என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

சொன்னவர் புள்ளியம்மா. புள்ளிவிவரப் பிரிவின் தலைவி என்பதால் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் அது. கறாரான மனுஷி, யாரையும் சும்மா புகழ மாட்டார். அவர் தொடர்ந்து பேசினார். ஏழாம் பகுதியில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அதனால்தான் அங்கே நடந்த மாலை நேரப் பிரஷர் கவுன்டரை இரண்டு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இனி அதை ஒரேயடியாக மூடிவிட்டு, நர்ஸையும் மாத்திரைகளையும் தேவை அதிகமுள்ள பகுதிக்கு அனுப்பலாம். வெள்ளிக்கிழமை தலைமையகத்துக்குக் கடிதம் போகும்.

"யாரோட விருப்பத்துக்கும் இல்ல, ஆய்வு என்ன சொல்லுதோ அதான்," என்றார் பெரிய அதிகாரி.

எல்லாரும் தலையாட்டினார்கள்.  அந்த ஆய்வில் ஏழாம் பகுதி முழுக்க என் கைவண்ணம்.

விதி இதுதான். ஒருவரை ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும். பிறகு பட்டையைக் கையில் கட்டி மூன்று முறை அளக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று நிமிடம் விட்டு. முதல் அளவு கணக்கில் சேராது. ஆளைப் பார்த்த படபடப்பில் அது ஏறித்தான் இருக்கும். பின்னிரண்டின் சராசரிதான் கணக்கு. அது நூற்று நாற்பதைத் தொட்டால் நோயாளி, தொடாவிட்டால் இல்லை. பயிற்சியில் புள்ளியம்மாவே வந்து இதைச் சொல்லிக்கொடுத்தார். அடுத்தடுத்த அளவுகள் பொதுவாகக் கொஞ்சம் இறங்கும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் நான் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான்.

முதல் நான்கு நாள் ஒழுங்காகத்தான் செய்தேன், சத்தியமாக. ஆனால் அடுப்பில் ஏதோ கொதிக்கும்போது எந்தப் பெண் கால்மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு உட்காருவாள்? "சட்டுனு முடிம்மா, தலைக்கு மேல வேலை கெடக்கு" என்பாள். நானும் முடித்தேன். முதல் அளவை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் பட்டையைக் கழற்றும்போதே அட்டையிலும் படிவத்திலும் நானாக எழுதினேன். இறங்கும் என்றார்களே, இறக்கினேன். பத்து, பன்னிரண்டு, மனசு நல்லாயிருந்தால் பதினாறு. இதில் அசிங்கம் என்னவென்றால், ஏதோ உபகாரம் செய்கிற நினைப்பு வேறு. ஒருத்தர் முகத்தைப் பார்த்து "நார்மல்" என்று சொன்னால் அது எப்படி மலர்கிறது தெரியுமா? அந்த மலர்ச்சிக்கு நான் பழகிப்போனேன்.

கூட்டம் முடிந்ததும் கூட வேலை செய்கிறவளை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னேன். அவள் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"இதென்ன பெரிய விஷயம்? எல்லாரும் பண்றதுதான். வாயைத் திறந்தே, ரெண்டு பேர் வேலையும் போகும். பேசாம கெட."

பேசாமல் கிடக்கத்தான் நினைத்தேன். ஆனால் கால் ஏழாம் பகுதிக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்று கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம், அவ்வளவுதான். நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை.

கவுன்டர் இருந்த அறையில் பூட்டுத் தொங்கியது. அதற்கு மூன்று வீடு தள்ளித் தையற்காரரின் கடை. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். மெஷினில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். தைக்கத் தெரியாதவர் தைப்பதைப் பார்த்தாலே தெரியும். துணியைக் கையால் இழுத்துக்கொண்டிருந்தார். தையற்காரர் சுவரோரம் நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"வாம்மா, வா. அஞ்சு வாரம் ஆச்சு," என்றார் அந்த அம்மா. "கத்திரியப் புடிச்சிட்டே சரிஞ்சிட்டார். ஆஸ்பத்திரியில பிரஷர்னு சொல்றாங்க. பிரஷர் எங்க இருந்துச்சு இவருக்கு? நீதான் பாத்தியே. நான் அந்த டாக்டர்கிட்ட சண்டையே போட்டேன், 'ஆபீஸ்லேர்ந்து பொண்ணு வந்து மூணு வாட்டி பாத்து அட்டையில எழுதிச்சு, நார்மல்னு சொல்லுச்சு'ன்னு."

அந்த அம்மா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நான் ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்த அட்டை. கசங்காமல் இருக்க அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். என் கையெழுத்து. நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று முப்பத்தெட்டு. நூற்று முப்பத்தாறு. ஆறுக்குக் கீழே ஒரு சின்னச் சுழி வேறு போட்டிருக்கிறேன், அழகுக்கு.

தையற்காரர் இடது கையைத் தூக்கி என்னைக் காட்டி ஏதோ சொன்னார். புரியவில்லை. "நல்ல பொண்ணுன்றார்," என்றார் அந்த அம்மா. "அன்னிக்கு மாத்திரைக்கு வரிசையில நிக்கலாமான்னு உன்னைக் கேட்டாரே, 'வேணாம்ணே, போய் வேலையப் பாருங்க'ன்னு சொன்னியாமே. ஒரு மாசம் அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார் மனுஷன்."

தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்று சும்மா சொல்வோமே, அன்றைக்கு நிஜமாகவே காலடியைப் பார்த்தேன். சிமென்ட்டுத் தரை, நூல்துண்டுகள். பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"நான் மூணு வாட்டி பாக்கல, அக்கா. ஒரு வாட்டிதான் பாத்தேன். மத்தது ரெண்டும் நானா எழுதினது."

 அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அட்டையை என் கையிலிருந்து வாங்கி, உறையின் மேல் விரலை வைத்து அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"போயிடும்மா," என்றார் அந்த அம்மா, மெதுவாக. "அவர் முன்னாடி வேணாம்."

வாசலுக்கு வந்து புள்ளியம்மாவுக்குப் போன் போட்டேன்.  எடுத்தார்.

"மேடம், ஏழாம் பகுதி அளவெல்லாம் பொய். நான் எழுதினது. கடிதத்தை அனுப்பாதீங்க. கவுன்டரை மூடாதீங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.  கூட்டத்தில் எனக்குக் கைதட்டிய மனுஷி, இப்போது என்ன முகத்தோடு இருக்கிறாரோ.

"எத்தனை வீடும்மா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "லைன்லயே இருக்கேன். யோசிச்சுச் சரியாச் சொல்லு. எந்தெந்த வீடு?"

போனைக் காதில் வைத்தபடி தெருவைப் பார்த்தேன். ஆட்கள் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எதிர்வீட்டுப் பெண் படியில் வந்து நின்றவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அடடே, திரும்பவும் பிரஷர் பாக்க வந்துட்டியா?" என்று சிரித்தாள். என் பதிலுக்குக் காத்திராமல் படியிலேயே உட்கார்ந்து, இடது சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கையை என் பக்கம் நீட்டினாள்.