இருபத்துநாலும் ஒன்றும்

குவீன்ஸ்லாந்துக் கடற்கரைக்குக் கிளம்பும்போதே கெல்வின் ஆரம்பித்துவிட்டான். “அக்கா, அந்தக் கிழட்டு மண்வாரி எதுக்கு? இந்த மடக்குக் கருவி ஒண்ணுல மண்வாரி, கோடாரி, ரம்பம், விசில், பாட்டில் ஓப்பனர்னு இருபத்துநாலு இருக்கு!”

டல்சி தன் நீளப்பிடி மண்வாரியை வண்டிக் கூரையில் இறுக்கிக் கட்டினாள்.

கடலோர மணலில் கெல்வின் காட்டிய வேகத்தில் வண்டி அச்சு வரை புதைந்தது. கடலோ ஏறிக்கொண்டிருந்தது. அவன் தன் மடக்குக் கருவியை விரித்து மணலில் குத்தினான். மூன்றாவது குத்திலேயே திருகு தெறித்து, தகடு கழன்று அலைக்குள் விழுந்தது.

“விசில் இருக்குல்ல, ஊதிக்கிட்டு நில்லு,” என்றாள் டல்சி.

மணலில் பிடிக்கட்டும் என்று டயர்களில் காற்றைக் குறைத்தாள். மண்வாரியை அவிழ்த்து, சக்கரங்களுக்கு முன்னால் இருந்த மணலை வாரி வாரி எறிந்தாள். இடுப்பு விட்டுப்போனது, கை நிற்கவில்லை. அலை பின்சக்கரத்தைத் தொட்டபோது, ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்திருந்த கெல்வினைப் பார்த்துக் கத்தினாள்: “இப்ப எடுடா!”

வண்டி உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. டல்சி மண்வாரியைத் தலைக்கு மேல் தூக்கி, கடலைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டாள்.

மேட்டில் கெல்வின் பியர் பாட்டிலை எடுத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். ஓப்பனர் அந்தத் தகட்டில்தான் இருந்தது.

“குடு இப்படி.” மண்வாரி விளிம்பில் மூடியை வைத்து ஒரே தட்டு. மூடி பறந்தது.

“முதல் மடக்கு கிழட்டு மண்வாரிக்கு,” என்று சொல்லிப் பாதி பாட்டிலைத் தானே காலிசெய்தாள் டல்சி.