மூன்று பேருக்கும் ஆகட்டும்

கண்ணாடிக்கடைக்காரருக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. பிறவிக் குறை என்பாள் அவர் மனைவி. தொழில் தர்மம் என்பார் அவர். யாராவது ஒரு மூக்குக்கண்ணாடி ஃபிரேமை மாட்டிக்கொண்டு, எனக்கு நல்லா இருக்கா என்று கேட்டால் போதும், அவர் தலை தன்னாலே ஆடிவிடும். அந்தத் தெருவில் ஆந்தை மாதிரியும் வெல்டிங் பட்டறை ஆள் மாதிரியும் நடமாடுகிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தலையாட்டலால் அப்படி ஆனவர்கள். எதைக் கேட்டாலும் “ஆகட்டும்” என்பார். நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது. ஆகட்டும் அண்ணே, கடை திறந்தாச்சா என்று கேட்டால் அதற்கும் “ஆகட்டும்” என்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் தியானக் குழு தன் செயலாளராக வைத்திருந்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

குழுவில் பதினாலு பேர். மெத்தை, சோபா விற்கும் கடைக்கு மேலே ஒரு ஹால்; ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடி ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காருவார்கள். உட்கார வைக்கிறவர் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். டிரைவர் ஐயா என்று கூப்பிடுவார்கள். சிக்னலில் நின்று நின்றுதான் தன் மனசு நிற்கக் கற்றுக்கொண்டது என்பார். அவருடைய உபதேசமெல்லாம் இரண்டு வரிக்குள் முடிந்துவிடும். “வண்டி நிக்கட்டும். பின்னாடி ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும்.” அதற்கு மேல் யாராவது விளக்கம் கேட்டால், இன்னும் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுவார்.

வேலை மாறியும் வீடு மாறியும் வெளியூர் போய்விட்ட பழைய ஆட்கள் சிலர், தாங்கள் இருக்கிற இடத்திலிருந்தே குழுவோடு சேர்ந்து உட்கார ஏதாவது ஒரு படம் எடுத்து அனுப்பக் கூடாதா என்று கேட்டார்கள். கேட்டது ஒரு சின்ன வீடியோ. கூட்டத்தில் அது வளர்ந்து ஆன்மிக ஆவணப்படம் ஆகிவிட்டது. டிரைவர் ஐயாவிடம் கேட்டதற்கு, எடுங்க, நான் எங்க போகப்போறேன் என்றார். நல்ல வீடியோ கம்பெனியாகப் பார்த்துப் பிடிக்க வேண்டியது செயலாளர் பொறுப்பு என்று முடிவாயிற்று. செயலாளர் என்ன சொல்லியிருப்பார்?

முதலில் வந்தவன் மனைவியின் தம்பி. கல்யாண வீடியோ எடுக்கிறவன். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியில் ஏன் தேடணும் என்று மனைவி கேட்ட கேள்வியில் கேள்விக்குறியே இல்லை. மச்சினன் தன் திட்டத்தைச் சொன்னான். டிரைவர் ஐயா வெண்புகைக்கு நடுவில் மெதுவாக நடந்து வருவார்; தலைக்குப் பின்னால் ஒரு வட்டம் சுற்றும்; பதினாலு பேர் முகமும் ஒரு பூவின் இதழ்களாக விரியும். இதய வடிவத்தில் வேண்டுமானாலும் விரிய வைக்கலாமாம். கண்ணாடிக்கடைக்காரர் மனக்கண்ணில் டிரைவர் ஐயா பூவுக்குள் உட்கார்ந்து கொட்டாவி விடுவது தெரிந்தது. ஆனாலும் ஆகட்டும் என்றார்.

அடுத்தவரைக் குழு உறுப்பினர் ஒருவர் சிபாரிசு செய்து அனுப்பினார். விளம்பரப் படம் எடுக்கும் டைரக்டர். சோப்புக்கும் டயருக்கும் எடுத்த கை. அவர் கண்ணாடிக்கடைக்கே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் தாடியை உருவிவிட்டு, உங்க தியானத்துக்கு வில்லன் யார் என்று கேட்டார். அப்படி யாரும் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை இவருக்கு. சத்தம்தான் வில்லன்னு வெச்சுக்கலாமா என்று இழுத்தார். டைரக்டருக்கு அது போதவில்லை. டிரைவர் ஐயா சின்ன வயசில் குடித்தாரா, யாரையாவது ஏமாற்றினாரா, குறைந்தபட்சம் மனம் உடைந்து மழையில் நடந்தாரா என்று கேட்டார். மழையில் பஸ் ஓட்டியிருக்கார் என்றார் கண்ணாடிக்கடைக்காரர். டைரக்டர் துள்ளி எழுந்தார். மழை இருக்கு, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன் என்று கையைக் குலுக்கினார். இவரும் குலுக்கினார். போகும்போது ஒரு ஃபிரேமையும் எடுத்து மாட்டிப் பார்த்தார். அதற்கும் தலை ஆடியது.

மூன்றாவது ஆளைத் தேடிப்போனது இவரேதான். கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்த ஒரு அம்மா, ஆலைகளுக்கும் கிடங்குகளுக்கும் பாதுகாப்புப் பயிற்சிப் படம் எடுப்பவள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. சும்மா பார்க்கலாமே என்று அவள் ஆபீசுக்குப் போனார். சின்ன அறை. ஒயர்கள் எல்லாம் தரையோடு டேப் போட்டு ஒட்டியிருந்தன. எதிலும் கால் தடுக்காது. ஏணி ஏறுவதைப் பற்றித் தான் எடுத்த ஆறு நிமிஷப் படம் ஒன்றை அவள் போட்டுக் காட்டினாள். பின்னணியில் அவளுடைய குரல்தான். கொஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை.

“ஏணியின் கடைசி இரண்டு படிகள் உங்களுக்கானவை அல்ல” என்றது குரல்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனையோ ஆன்மிகப் புத்தகங்கள் புரட்டியிருக்கிறார்; இப்படி ஒரு வாக்கியம் கண்ணில் பட்டதில்லை.

அவள் நாலே கேள்வி கேட்டாள். படம் யாருக்கு? பார்த்து முடித்ததும் அவர்கள் என்ன செய்யணும்? எவ்வளவு நேரம் உட்காரணும்? ஹாலுக்கு இரண்டாவது வாசல் உண்டா? முதல் மூன்றையும் இதுவரை யாரும் கேட்கவில்லை. நாலாவதற்குப் பதில் இவருக்கே தெரியவில்லை. அவள் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டதும் அவர் ஆகட்டும் என்றார். வாழ்நாளில் அந்தச் சொல்லை மனசோடு சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆக, மற்ற இருவரிடமும் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் கடைக் கண்ணாடி முன் நின்று பழகினார். மன்னிக்கணும், வேற ஏற்பாடு ஆயிடுச்சு. கண்ணாடியில் இருந்த ஆள் ஆகட்டும் என்று தலையாட்டினார். டைரக்டருக்கு போன் போட்டார். போனை வைக்கும்போது மழைக்குத் தண்ணீர் இணைப்பு வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். மச்சினனைப் பார்க்கப் போனார். புகை மெஷின் இரண்டாக வரட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

தேதி கேட்டார்கள். தள்ளிப்போட்டால் தானாக ஆறிவிடும் என்று நினைத்து, அடுத்த மாசம் கடைசி ஞாயிறு என்றார். மூன்று பேருக்கும் அதே தேதிதான். அந்த ஞாயிறு அவருக்கு எங்கோ கண்காணாத தூரத்தில், வராமலே போய்விடக்கூடிய நாளாகத் தெரிந்தது. நாள் என்ன கடன்காரனா, சொல்லிவிட்டு வராமல் இருக்க? வந்து நின்றது.

பாதுகாப்பம்மாதான் முதலில் வந்தாள். மின்னும் மஞ்சள் மேலங்கி, கழுத்தில் விசில். ஹாலைச் சுற்றிப் பார்த்து, இரண்டாவது வாசல் ஒன்று பூட்டிக் கிடப்பதையும், அதற்கு வெளியே கீழ்க்கடைக்காரர் மெத்தைகளை அடுக்கி வைத்திருப்பதையும் கண்டுபிடித்தாள். சாவி கேட்கக் கீழே இறங்கினாள். அவள் கடைக்குள் இருந்த நேரத்தில் மச்சினன் படியேறி வந்து, திரைக்குப் பின்னால் இரண்டு புகை மெஷினையும் வைத்தான். டைரக்டரோ மாடி ஏறவே இல்லை. எதிர்க் கட்டடத்திலிருந்து ஜன்னல் வழியாக எடுப்பதுதான் கலை என்று கேமராவோடு அங்கே போய்விட்டார். ஜன்னலுக்கு மேலே ஓட்டைபோட்ட குழாய் ஒன்றைக் கட்டி, பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, சைகை கிடைத்ததும் தண்ணீரைத் திறக்கச் சொல்லியிருந்தார்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எழுந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் டிரைவர் ஐயா “வண்டி நிக்கட்டும்” என்று கண்ணை மூடிவிட்டார். இவரும் மூடிக்கொண்டார். மூடினால் ஒருவேளை நடக்காமல் போய்விடும் என்ற நப்பாசை.

பத்தாவது நிமிஷம் புகை வந்தது. கோவிலில் வருகிற மாதிரி மெலிசாக அல்ல. ரப்பர் கிடங்கு எரிகிற மாதிரி. சாவியோடு மேலே வந்த பாதுகாப்பம்மா அதைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாகப் படத்தில் சொல்லிக்கொடுத்ததைச் செய்யும் வேளை வந்துவிட்டது என்று நினைத்தாள். விசிலை வாயில் வைத்து ஊதினாள். எல்லாரும் எழுந்து வரிசையாக வெளியே வாங்க என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும் என்றுதானே வருஷக்கணக்கில் பழக்கம். விசில் இன்னும் பலமாக வந்தது. இன்றைக்கு ஐயா பரீட்சை வைக்கிறார் என்று நினைத்து அவர்கள் முதுகை இன்னும் நிமிர்த்தினார்கள். குழாய்க்காரர் மட்டும் விசிலைச் சைகை என்று எடுத்துக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டார்.

காற்று உள்பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. மழை முழுக்க ஹாலுக்குள் பெய்தது. புகை மெஷின் ஒன்று இருமி நின்றது. மச்சினன் கேமராவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தரையில் தவழ்ந்தான். எதிர்க் கட்டடத்திலிருந்து டைரக்டர், அப்படியே இருங்க, யாரும் கண்ணைத் திறக்காதீங்க என்று கத்தினார். யாரும் திறக்கிறதாகவே இல்லையே. பதினாலு பேரும் சொட்டச் சொட்ட, பரம நிம்மதியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

டிரைவர் ஐயா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். புகையைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், விசிலோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தார்.

“கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்கிடுங்க” என்றார்.

மறுபேச்சு இல்லாமல் எழுந்து வரிசையாகப் படியிறங்கினார்கள். இரண்டு பேர் கண்ணைத் திறக்காமலே இறங்கினார்கள்.

கீழே வாசலில் சோபாக்கள் விற்பனைக்குப் போட்டிருந்தன. ஈரத்தோடு உட்காரக் கூடாது என்று கடைக்காரர் இரண்டு கையையும் விரித்துக் காவல் நின்றார். எல்லாரும் நடைபாதையில் நின்று சட்டையைப் பிழிந்தார்கள். டைரக்டரும் சாலையைத் தாண்டி வந்து சேர்ந்தார். மூன்று பேரும், யார் இவங்கெல்லாம் என்று ஒருவரையொருவர் காட்டிக் கேட்டார்கள். டிரைவர் ஐயா மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு செயலாளர் பக்கம் திரும்பினார்.

“இதுல யாருப்பா படம் எடுக்கப் போறது?”

மனைவியும் செய்தி கேள்விப்பட்டு ஓடிவந்து ஓரமாக நின்றிருந்தாள். கூட்டம் முழுக்கக் கண்ணாடிக்கடைக்காரர் வாயையே பார்த்தது.

“இந்தம்மா” என்றார்.

“அப்ப மத்த ரெண்டு பேரு?”

“அவங்க…” தன்னாலே ஆடப்போன தலையை நிறுத்திக்கொண்டார். “அவங்க இல்லைங்க.”

கீழே எதுவும் பிளக்கவில்லை. மேலே எதுவும் இடியவில்லை. மனைவி மட்டும் தம்பியை நோக்கி ஒரு அடி வைத்தாள். அவன் நடைபாதை ஓரத்தில் குந்தி, சட்டை நுனியால் லென்சைத் துடைத்தபடி பெருமூச்சு விட்டான்.

“அப்பாடா. மாமா, பத்தரைக்கு எனக்கு ஒரு கல்யாணம் இருக்கு. ஒரு மாசமா இதைச் சொல்லணும்னு பாக்குறேன். அக்காகிட்ட முடியாதுன்னு சொல்ல பயம்.”

“எனக்கும்தான் மாப்ளே” என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தார் கண்ணாடிக்கடைக்காரர்.

இரண்டு ஆண்பிள்ளைகளும் தன்னைக் கண்டு நடுங்குவது மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது. கோபிப்பதா பெருமைப்படுவதா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தம்பியிடம், மணி பத்தேகால், ஓடுடா என்றாள். டைரக்டர் முறைத்துக்கொண்டுதான் போனார். நாலு நாள் கழித்து, நனைந்த பதினாலு பேரை மழைக்கோட்டு விளம்பரத்துக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று போன் செய்தார். இல்லை என்றார் கண்ணாடிக்கடைக்காரர். ருசி கண்ட பூனையாகிவிட்டார் மனிதர். அந்த வாரம் முழுக்க எதற்கெடுத்தாலும் இல்லைதான். சாப்பிட வாங்க என்று மனைவி கூப்பிட்டதற்கும் பழக்கதோஷத்தில் இல்லை என்று சொல்ல, அவள் தட்டைத் திரும்ப எடுத்துவைத்துவிட்டாள்.

படம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது. பதினோரு நிமிஷம். ‘நிறுத்தி உட்காரும் முறை’ என்று தலைப்பு. ஏழு படிநிலைகள், எல்லாம் அதே குரலில். கண்ணை மூடுமுன் அருகில் சூடான பானம் எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்யவும். கால் மரத்துப்போனால் உடனே எழ முயல வேண்டாம். எண்ணங்கள் வரும், அவற்றுக்கு வழிவிட்டு ஓரமாக இருக்கவும். குழு மொத்தமும் வாய் பிளந்து பார்த்தது. டிரைவர் ஐயா இரண்டு தடவை பார்த்துவிட்டு, இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். இரண்டாம் படிநிலையில் வரும் முழங்கால்கள் உங்களுடையவைதான் என்று பாதுகாப்பம்மா நிறுத்திக் காட்டினாள்.

“முட்டி நல்லா வந்திருக்கு” என்றார் அவர், உள்ளபடியே சந்தோஷமாக.

வெளியூர் ஆட்களுக்கு அனுப்பும்போதுதான் ஒரு பிசகு நடந்தது. ஒரே நாளில் இரண்டு படம் அனுப்பியதில் அந்த அம்மா ஒன்றுக்கு ஒன்று மாற்றி அனுப்பிவிட்டாள். வெளியூர்க்காரர்கள் அடுத்த ஞாயிறு பாரந்தூக்கி வண்டியைப் பின்னோக்கி ஓட்டுவதைப் பற்றிப் பதினாறு நிமிஷம் பக்தியோடு பார்த்தார்கள். அதில் ஒருவர், உள்ளர்த்தம் புரிய மூன்று தடவை பார்க்க வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தார். மறுநாள் திங்கட்கிழமை காலை, அந்த வண்டிப் படம் போயிருக்க வேண்டிய சிமென்ட் கிடங்கில், எழுபது பேர் ஹெல்மெட்டோடு தரையில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்கள்.

பாதுகாப்பம்மா தொழிலில் செய்த முதல் தப்பு அது. வேலையே போய்விட்டது என்று கண்ணாடிக்கடைக்கு வந்து கலங்கினாள். அவள் கலங்கிக்கொண்டிருக்கும்போதே கிடங்கு மேற்பார்வையாளர் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். அவர் கேட்டதோ வேறு. அன்றைக்குக் கிடங்கில் யாரும் யாரையும் திட்டவில்லையாம், ஒரு மூட்டை கூடக் கிழியவில்லையாம், எட்டாவது படிநிலை எப்போது வரும் என்று ஆட்கள் நச்சரிக்கிறார்களாம்.

எட்டாவது படிநிலை கிடையாது. ஆனால் அடுத்த ஞாயிறு கிடங்கிலிருந்து பத்தொன்பது பேர் நேரில் வந்துவிட்டார்கள். செருப்பு விடுகிற இடத்தில் ஹெல்மெட்டுகளையும் வரிசையாக வைத்துவிட்டு, இடம் போதாமல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இரண்டாவது வாசல் திறந்து கிடந்தது. மெத்தைகள் போன இடத்தில் நாலு பேருக்கு இடம் கிடைத்தது. டிரைவர் ஐயா தன் விரிப்பைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் வந்தவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஹெல்மெட் வைக்க நாலு தட்டு அலமாரி ஒன்று கிடைக்குமா என்று கேட்கக் கீழ்க்கடைக்கு இறங்கிப் போனார்.