பார்த்திருக்கக் கூடாத பட்டியல்

மத்தியானம் இரண்டரைக்கு அந்தப் பட்டியல் என் திரையில் வந்து நின்றபோது முதலில் எனக்குச் சந்தோஷம்தான். ஓட்டையைக் கண்டுபிடித்த சந்தோஷம். பல கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர் புகார்களை ஒரே தளத்தில் பதிகின்றன. அவற்றைச் சரிசெய்ய ஏழெட்டு ஒப்பந்த நிறுவனங்கள் அதே தளத்துக்குள் வருகின்றன. ஒரு கம்பெனியின் சங்கதி, அதற்கு வேலை செய்யாத நிறுவனத்தின் கண்ணில் படக்கூடாது. முதுநகரில், ரயில் போனால் ஜன்னல் அதிரும் மாடி அறையில் உட்கார்ந்து, அந்தச் சுவர்களை நான் எழுப்புகிறேன். எழுப்பிய பிறகு, ஒப்பந்த நிறுவனத்து ஆள்போல உள்ளே நுழைந்து பார்ப்பேன். எதுவும் தெரியாவிட்டால் சுவர் சரி.

அன்றைக்குத் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த நிறுவனத்தைத் தவறான குழுவுக்குக் கீழே போட்டிருந்தேன். அந்தக் குழு பார்ப்பதையெல்லாம் இதுவும் பார்த்தது. என் தப்புதான். ஒரு கம்பெனி பதிந்திருந்த கோரிக்கை அப்படியே தெரிந்தது: 'வேலையிலிருந்து நீக்கப்படும் கீழ்க்கண்ட பதினொரு பேரின் கணக்குகளை மாதக் கடைசியில் முடக்கவும். அதுவரை அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.' நான்காவது பெயர் செம்பியன், என் தம்பி. சிதம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே அந்தக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறான். வேறு யாரோ என்று ஏமாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அப்பாவின் முதலெழுத்து, ஊர், எல்லாம் இருந்தன.

பார்ப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்து கிடக்கட்டும். ஒருவர் சங்கதி இன்னொருவருக்குப் போகக்கூடாது என்று ஐந்து வருடமாக எல்லோரிடமும் கத்திக்கொண்டிருப்பவளே நான்தான்.

மூன்று மணிக்கு அவனே கூப்பிட்டான். ஊரிலேயே ஒரு பாலிடெக்னிக்கில் அவனுக்கு ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. நாலு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"வேணாம்னு சொல்லிடப் போறேன்க்கா. இங்கயே நல்லாத்தான போவுது."

"அந்த வேலைக்கே போயிடேன்டா."

"போன வாரம் நீதான இருக்கறத விடாதன்ன?"

"இப்ப சொல்றேன். போயிடு."

"ஏன், எதனா கேள்விப்பட்டியா?"

நேராகவே கேட்டுவிட்டான்.

"இல்லடா. அதுதான் உனக்கு செட் ஆவும்னு தோணுது."

ஆறு வருடத்தில் மூன்று வேலை மாறியவன் அவன். என் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் அதைச் சொல்லிக் கேலி செய்ய, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

"நீயுமாக்கா? மாமா மாரி நீயும் என்னால நிக்க முடியாதுன்னுதான நெனக்கிற?"

"ஐயோ, அப்டி இல்லடா."

"இருக்கட்டும். நின்னு காட்டறேன் பாரு."

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒரு வரி தட்டி அனுப்பியிருந்தால் போதும். அனுப்பவில்லை. இதை எனக்கு நானே எப்படிச் சொல்லிக்கொண்டாலும் நியாயமாகப் படவில்லை.

குழுவைப் பிரித்து ஓட்டையை அடைத்தேன். மறுபடி நுழைந்து பார்த்தபோது 'பதிவுகள் எதுவும் இல்லை' என்று வந்தது. நடந்ததை மேலாளர் ரேகாவுக்கு எழுதினேன். யாராவது பார்த்தார்களா என்று கேட்டாள். சோதித்த நான் மட்டும்தான் என்றேன். 'நல்லவேளை' என்று பதில் போட்டாள். உட்கார்ந்தபடியே அழுதேன்.

நாலரைக்குச் செம்பியனிடமிருந்து செய்தி வந்தது. 'வேணாம்னு சொல்லிட்டேன். மனசு லேசா இருக்கு. உன்மேல கோவம் இல்லக்கா.' பின்னாலேயே ஒரு படம், அவன் மனைவி சிந்துஜா எடுத்தது. முதுகுவலிக்காக வாங்கிய புது நாற்காலியில், கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துச் சாய்ந்து சிரிக்கிறான். நாற்காலியின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. பிரிக்காத வரைக்கும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

'கவரப் பிரிக்காதடா' என்று தட்டினேன். அனுப்பாமல் ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அழித்து முடிப்பதற்குள் அடுத்த படம் வந்தது. உறை கிழிந்து அவன் காலடியில் கிடந்தது.