கிளிப் போட்ட நாலு பக்கம்

ஷெபெஸ்டாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ராணுவ பேண்டு வாத்தியக் குழுவில் புல்லாங்குழல் ஊதினார். பிறகு மலையோரத்து ஊர் ஓபரா இசைநாடக அரங்கில் கோரஸ் பாடகர்களைப் பழக்கினார். அப்புறம் இருபது வருஷம் அங்கேயே துணை இசை நடத்துனர். அதாவது, தலைமை நடத்துனருக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் கோலைக் கையில் எடுப்பவர்.

எங்கள் அரங்கத்தின் தலைமை நடத்துனர் வியன்னாவுக்குக் கம்பி நீட்டிய வாரம், ஞாயிறு மதிய ஆட்டத்துக்கு ஷெபெஸ்டாவைக் கூப்பிட்டார்கள். ஒத்திகை கிடையாது.

"இன்னிக்கு ஒழுங்கா நடந்தா அந்தப் போஸ்டு உங்களுக்குத்தான், மேஸ்ட்ரோ" என்றார் அரங்க இயக்குநர் ஹுட்சோவா அம்மா.

எங்கள் பக்கம் ஒவ்வொரு அரங்கமும் தன் வசதிக்கு ஓபராவை வெட்டிக்கொள்ளும். வெட்டிய பக்கங்களைச் சேர்த்துக் கிளிப் போட்டுவிடுவோம். அன்றைய ஓபராவில் ஆறு வெட்டு. முதல் வயலின் ஸ்டென்கா, காபி ஆறுவதற்குள் ஆறையும் அவரிடம் ஒப்பித்துவிட்டாள். அவர் குறித்துக்கொண்டது ஐந்துதான் என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாம் அங்கத்தின் நடுவரை ஜம்மென்று போனது. திடீரென அவர் கை மூன்று தட்டுக்கு மாறியது. காளான் பொறுக்குகிறவர்களின் பாட்டு! ஆறாவது வெட்டு; நாங்கள் அதை வாசித்து ஒன்பது வருஷம்.

"டேய் மாடே, இவரு எங்கடா போறாரு?" என்றான் என் பக்கத்தில் ஹார்ன் ஊதும் ராடெக்.

"கிளிப்பப் புடுங்குங்கடா! மனுஷனுக்குப் போஸ்டு போயிரும்!" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் ஸ்டென்கா.

புடுங்கினோம். வாசித்தோம். ஆனால் மேடை காலி. பாட வேண்டிய கோரஸ் கேன்டீனில் கூலாஷ் கறிக்குழம்பு தின்றுகொண்டிருந்தது. ஷெபெஸ்டாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஒரு கணம்தான். கோலை வீசிக்கொண்டே தானே பாட ஆரம்பித்துவிட்டார். தவளை தோற்கும் குரல்.

கேன்டீன் ஸ்பீக்கரில் அது கேட்டிருக்கிறது. கன்னத்தில் மாவுருண்டையோடு ஒருவர், செருப்பும் சாக்ஸுமாக இருவர், காளான் கூடைக்குப் பதில் ரொட்டிக்கூடையோடு ஒருத்தி என்று முப்பது பேரும் ஓடிவந்து பாடினார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை.

திரை விழுந்ததும் ஹுட்சோவா அம்மா மேடைக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்து வாசிக்கும் பள்ளத்துக்கே இறங்கி வந்தார்.

"யாரைக் கேட்டு அந்தப் பாட்டு?"

"நாங்கதாம்மா ஆசப்பட்டுக் கேட்டோம்" என்று கூசாமல் புளுகினாள் ஸ்டென்கா.

ஷெபெஸ்டா நெற்றியைத் துடைத்தார். "இல்லம்மா. நான்தான் மறந்துட்டேன். இவங்க காப்பாத்துனாங்க."

'போச்சு' என்று முனகினான் ராடெக்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடிப்போனாரே, அவரு பதினோரு வருஷத்துல ஒரு தப்பக்கூட ஒத்துக்கல. செவ்வாக்கிழமை பத்து மணிக்கு ஒத்திகை, வந்துருங்க. ஆனா ஒண்ணு, மேஸ்ட்ரோ."

"சொல்லுங்கம்மா."

"இனிமே பாடாதீங்க."