முகம் இல்லாத கிண்ணம்

விறகுச் சூளையில் ஒரே ஒரு கிண்ணத்துக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது. ஷிகராகி ஊரின் மண்பாண்ட மாலை வகுப்பில் அதைக் கேட்டவர்கள் இருவர்: நானும், கான்கிரீட் லாரி ஓட்டும் நெசு அண்ணனும். ஞாயிற்றுக்கிழமை தேநீர் விருந்தில் எங்கள் கிண்ணங்களில் விருந்தாளி குடிப்பதைப் பார்த்து முடிவு செய்வதாக டீச்சர் இகராஷி சொல்லியிருந்தார்.

நெசு அண்ணனின் கிண்ணம் அவர் லாரியே ஏறி இறங்கியது போல இருந்தது. ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கம் பூச்சு வழிந்து உறைந்த பெரிய கறை. நான் மருந்துக் கடையில் மருந்துப் பொடி நிறுப்பவன். என் கிண்ணத்தை மூன்று வாரம் அளந்து அளந்து செய்தேன். எங்கே அளந்தாலும் வாய் பன்னிரண்டு சென்டிமீட்டர். எங்கும் ஒரே சாம்பல் நிறம். சூளைக்கென்று அதே அளவில் இன்னொன்றும் சுடாமல், பூச்சில்லாமல் தயாராக வைத்திருந்தேன். நெசு அண்ணனிடமும் அப்படி ஒன்று இருந்தது.

விருந்தாளி சுகாயா அம்மாள், முப்பது வருடமாகத் தேநீர் முறை சொல்லிக்கொடுப்பவர். நெசு அண்ணன் தன் கிண்ணத்தை, கறை அவரைப் பார்க்கும்படி வைத்தார். விருந்தாளிக்குக் காட்ட வேண்டிய, ஆனால் வாய் படக்கூடாத அழகுப் பக்கம்தான் கிண்ணத்தின் முகம்; அது எதுவென்று பார்த்த உடனே தெரிந்தது. அம்மாள் மரியாதையாகக் கிண்ணத்தைச் சுழற்றி அந்த முகத்தை விலக்கி, வேறு பக்கம் வாய் வைத்துக் குடித்தார்.

என் முறை. பச்சைத் தேநீரை நுரைக்க அடித்துக் கிண்ணத்தை எடுத்த பிறகுதான் உறைத்தது. எந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டுவது? திருப்பினேன். இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.

"என்ன தம்பி, ரேடியோவுல ஸ்டேஷன் தேடுறியா?" என்றார் நெசு அண்ணன்.

ஏதோ ஒரு பக்கமாக வைத்தேன். அம்மாளும் எடுத்து முகத்தைத் தேடினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நுரை அடங்கிக்கொண்டிருந்தது.

"இதுல முகம் எதுப்பா?"

"எல்லாப் பக்கமும் ஒண்ணுதாங்க. அளந்து செஞ்சேன்."

"அப்ப நான் எங்க வாய வைக்கிறது?"

"எங்க வேணும்னாலும் வைக்கலாங்க."

அம்மாள் பெருமூச்சு விட்டு ஒரு பக்கத்தை உதட்டில் வைத்தார்.

"தைரியமாக் குடிங்கம்மா," என்றார் நெசு அண்ணன். "மூஞ்சியா குண்டியான்னு அதுக்கே தெரியாது."

தேநீர் அம்மாளின் மூக்கில் ஏறியது. முப்பது வருட மரியாதை பட்டுக் கிமோனோ மடியில் பச்சையாகச் சொட்டியது. அவரோ சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

டீச்சர் துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எடம் உனக்குத்தான், ஷிபானோ."

"என்ன டீச்சர் இது?" என்றார் நெசு அண்ணன். "என்னோடதுலதான ஒழுங்காக் குடிச்சாங்க?"

"உன்னோடதுக்கு ஏற்கெனவே மூஞ்சி இருக்கு. இவன் கிண்ணத்த விறகு போடுற வாய்க்குப் பக்கத்துல வச்சா, நெருப்பு எந்தப் பக்கம் சாம்பல அடிக்குதோ அதான் மூஞ்சி. இவன் முடிவெடுக்க ஒண்ணுமே இருக்காது."

அடுத்த சனிக்கிழமை சூளைக்குள் தவழ்ந்து போய்க் கிண்ணத்தை வைத்தேன். தட்டு ஆடவில்லை, பக்கத்துக் கிண்ணத்துக்கு இடைவெளி மூன்று விரல். எல்லாம் சரி. இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது.

"டீச்சர், எந்தப் பக்கத்த நெருப்புக்குக் காட்டணும்?"

வெளியே நெசு அண்ணனோடு விறகு அடுக்கிக்கொண்டிருந்த டீச்சர் கட்டையைக் கீழே போட்டார்.

"நெசு," என்றார் டீச்சர், "உன்னோட சுடாத கிண்ணம் லாரியிலதான இருக்கு?"

கிண்ணத்தை எந்தப் பக்கமும் திருப்பாமல் இருந்தபடியே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.