பின்படிக்கட்டில் பதினைந்து நிமிடம்

என் ஓரகத்தியை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வாஷிங் மெஷின் ஓடவில்லை, ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று போனில் கத்துகிறவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்கிற வேலை. ஒரே வீட்டில் குடியிருந்து, ஒரே பேருந்தில் போய், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறோம். கொழுந்தனைக் கட்டி வந்ததால் அவள் சின்னவள், நான் பெரியவள்.

காலை பதினொன்றுக்கும் மாலை மூன்றரைக்கும் பதினைந்து நிமிடம் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்பது அலுவலக விதி. நான் எடுத்ததே இல்லை. சிறுநீரைக்கூட அடக்கிக்கொண்டு அடுத்த போனை எடுப்பேன். சின்னவளோ மணி பதினொன்று ஆனதும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மகாராணி மாதிரி எழுந்து போவாள்.

அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம்தான் எனக்குத் தாங்காது. வீடு திரும்பும்போது என் தொண்டையில் ஒரு சொல் மிச்சமிருக்காது. ஏழு வயது மகள் கதவைத் திறந்து, என்னைத் தாண்டி, "சித்தி!" என்று ஓடுவாள். சளி பிடித்த சிங்கம் எப்படிக் கர்ஜிக்கும் என்று சின்னவள் செய்து காட்டுவாள். கூடத்திலிருந்து வரும் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நான் பாத்திரம் தேய்ப்பேன். பத்து மாதம் சுமந்தவள் நான். வயிறு பற்றி எரியும்.

அப்படி எங்கேதான் போகிறாள் என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பின்படிக்கட்டில் செருப்பைக் கழற்றிப் போட்டு, சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். கையில் போன்கூட இல்லை. யாரிடமாவது குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இப்படிச் சும்மா இருந்து சேர்த்த தெம்பில்தானே என் பிள்ளையை எடுத்துக்கொண்டுவிட்டாள்!

மறுநாளே எங்கள் மேற்பார்வையாளரிடம் போனேன். எப்போதும் கடிகாரத்தையே பார்ப்பதால் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர்.

"சார், சின்னவ எழுந்து போனா அவளுக்கு வர்ற போனெல்லாம் என் தலையிலதான் விழுது" என்றேன். பச்சைப் பொய்.

"நீங்களே சொல்றீங்களா? உங்க வீட்டுப் பொண்ணாச்சே."

"வேலைன்னு வந்துட்டா வீடென்ன சார்?"

மணிக்கூண்டு இப்படி ஒரு சாக்குக்காகக் காத்திருந்தவர் போலிருக்கிறது. அந்த வாரமே மதியச் சாப்பாட்டு நேரம் தவிர யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்.

"யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கக்கா" என்றாள் சின்னவள், பேருந்தில்.

"நாசமாப் போறவங்க" என்றேன். என்னையே சபித்துக்கொண்டேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

முதல் வாரம் சிங்கத்தின் குரல் இறங்கியது. இரண்டாம் வாரம் கதை பாதியில் நின்றது. மனதுக்குள் கும்மாளமாக இருந்தது, ஒளிப்பானேன்? மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம், மகள் வழக்கம்போல ஓடிப் போய் அவள் மடியில் ஏறினாள்.

"இறங்கு. தலை வெடிக்குது. போய் அந்தப் பக்கம் விளையாடு" என்று சின்னவள் எரிந்து விழுந்தாள்.

குழந்தை கூடத்தின் நடுவில் நின்றாள். இந்த நிமிடத்துக்காகத்தானே இத்தனையும் செய்தேன்? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவள் முன் உட்கார்ந்தேன்.

"வாடி செல்லம். அம்மா கதை சொல்றேன்."

அவள் ஆசையாகத்தான் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தேன். என்ன கதை? சிங்கக் கதை எப்படித் தொடங்கும்? ஒன்றும் வரவில்லை. என்னை அறியாமல், நாள் முழுக்கப் போனில் பேசித் தேய்ந்த அந்தக் குரல்தான் வந்தது.

"சொல்லுங்க, என்ன வேணும்?"

மகள் ஒரு அடி பின்னால் போனாள்.

"ஒண்ணும் வேணாம்மா" என்றாள். அழவில்லை. "முன்னாடி நீ மட்டும்தான் இப்படி இருந்த. இப்ப சித்தியும் உன்ன மாதிரியே ஆயிட்டாங்க."

தன் பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.