கன்னத்துச் சுவிட்ச்

அண்ணன் லாரி ஓட்டியவர். நாலு பேர் கூடினால் மூன்று பேரைப் பேசவிடாதவர். மூளையில் ரத்தக்குழாய் வெடித்த பிறகு அவருக்கு மிஞ்சியது இரண்டு கண்ணும் இடது கன்னமும்தான். கன்னத்தை அசைத்தால் ஒரு சுவிட்ச் அழுந்தும். திரையில் ஓர் எழுத்துப் பலகையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும்போது வேண்டியதில் அழுத்தினால், அது பக்கத்துப் பெட்டியில் போய் விழும். கம்ப்யூட்டர் அதை வாய்விட்டுப் படிக்கும். அதுதான் இப்போது அவர் குரல். தம்பி லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில் தானே உட்கார்ந்து எழுதிக்கொடுத்த ஏற்பாடு அது. அதில் அவனுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

அதே திரையில் படம் ஓடும்போது குறுக்கே கோடு விழுந்தது. பார்க்கிற அண்ணனுக்கு உறுத்தவில்லை, தம்பிக்கு உறுத்தியது. எக்ஸ் என்கிற பழைய காட்சி அமைப்பை விட்டு, வேலண்ட் என்கிற புதியதற்கு மாற்றினால் சரியாகிவிடும் என்றான்.

"ஓடுறத நோண்டாத," என்று அண்ணன் எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இனி ரெண்டு நாளைக்கு மௌன விரதம்தான்," என்றாள் அண்ணி. உடம்பு நன்றாக இருந்த காலத்திலேயே அவர் அப்படித்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சாப்பிடக்கூடக் கை ஜாடைதான்.

மறுநாள் காலை, அவர் கண் விழிக்குமுன் தம்பி மாற்றிவிட்டான். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. எழுத்துப் பலகை வந்தது, ஒளியும் நகர்ந்தது. கன்னத்துச் சுவிட்சை மட்டும் அவன் அழுத்திப் பார்க்கவில்லை. தூங்குகிறவரை எழுப்ப வேண்டாமே என்ற நல்ல எண்ணம். அந்த நல்ல எண்ணம் நாசமாய்ப் போகட்டும்.

அன்று முழுக்க அண்ணன் பேசவில்லை.

"போதும்ணே. எவ்வளவு தெளிவா தெரியுது பாருங்க," என்று தம்பி கெஞ்சிப் பார்த்தான். அண்ணன் அவனையே வெறித்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"விடுங்க தம்பி. சேனல் மாத்தணும்னா தானா வழிக்கு வருவாரு," என்றாள் அண்ணி. கட்டிலருகே நின்றபடியே இருவரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் மதியம் நெஞ்சில் சளி அடைத்து அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

"நேத்தே சொல்லியிருந்தா பாத்திருக்கலாமே," என்றார் டாக்டர்.

"அவரு ஒண்ணும் சொல்லலையே," என்றாள் அண்ணி. அதைத்தான் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி கம்ப்யூட்டரைக் கழற்றி வைக்க வந்தான். சும்மா இருந்த கை சுவிட்சை அழுத்தியது. பலகை எழுத்தைப் பிடித்தது. பெட்டியில் ஒன்றும் விழவில்லை. மறுபடி அழுத்தினான். விழவில்லை.

பலகை ஒரு செயலி, பெட்டி இன்னொன்று. ஒரு செயலி இன்னொரு செயலிக்குள் எழுத்தைத் தள்ளுவதைப் புதிய அமைப்பு, பாதுகாப்புக் கருதி, அப்படியே விடாது. அது அவனுக்குத் தெரியாததல்ல. ஆபீசில் நாலு பேருக்கு விளக்கியிருக்கிறான்.

எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று பார்ப்பதற்காக, பிடித்த எழுத்தையெல்லாம் பலகை ஒரு கோப்பில் குறித்துவைக்கும்படி அவன்தான் செய்திருந்தான். திறந்தான். கடைசி மூன்று நாளில் நாற்பத்தொரு வரி, அத்தனையும் எழுத்துக்குப் பதிலாகப் பலகை குறித்துவைத்த வெறும் எண்கள். படிக்க வேண்டுமானால் பழைய அமைப்புக்குத் திரும்பிப் போய், பலகை வழியாகவே ஓடவிட வேண்டும். அதைச் செய்தான். ஸ்பீக்கர் போட்டபடியே இருந்தது அவன் நினைவுக்கு வரவில்லை.

"டேய், எழுத்து விழல," என்றது அண்ணனின் குரல்.

"பழையபடி மாத்துடா."

"கோவம் இல்லடா. பேச முடியல."

"மூச்சு முட்டுது."

சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. ஈரக் கையோடு அண்ணி வாசலில் வந்து நின்றாள். தம்பி பதறிப்போய் ஸ்பீக்கர் பக்கம் கையை நீட்டினான்.

"கை வைக்காதீங்க," என்றாள். "இன்னும் எத்தன இருக்கு?"

"முப்பத்தேழு அண்ணி."

அந்த மூன்று நாளும் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியைக் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு அண்ணி உட்கார்ந்தாள்.

"அவளக் கூப்பிடு," என்றது குரல்.

"இங்கதாங்க இருந்தேன்," என்றாள் அண்ணி.